இருபது குதிரைத்திறனே போதும்: பழைய பாணி மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு

ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது, அதற்குள் நொடிக்கு 25 வெடிப்புகள் நிகழ்கின்றன. அந்த அதிர்வு கால்மிதி வழியாகப் பாதத்துக்கும் கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கும் வந்து சேர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போதே வண்டி உழைப்பது உடம்புக்குத் தெரிகிறது. நூற்றைம்பது குதிரைத்திறன் கொண்ட வண்டி அதே 60-இல் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்ப, சட்டமும் சாலையும் இடம் கொடுக்காத வேகத்துக்குப் போக வேண்டும். எளிய வண்டியின் முழுத் திறனையும் நாள்தோறும் பயன்படுத்தலாம். பல ஆண்டுகள் இத்தகைய வண்டிகளோடு பழகிய பிறகு, அவற்றின் இன்பத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றை நான் காணவில்லை.

சிறிய எஞ்சின் என்றால் இரண்டாம் தரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஹோண்டா 1958-இல் கொண்டுவந்த சூப்பர் கப் வண்டியின் எஞ்சின் வெறும் 49 சிசி. அந்தக் குடும்பத்து வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017-இல் பத்துக் கோடியைத் தாண்டியது. யமஹாவின் எஸ்ஆர் 400 வண்டி 1978-இல் பிறந்து, 2021-இல் இறுதிப் பதிப்பு வெளிவரும் வரை கிக்கரை மிதித்துத்தான் கிளம்பியது. இன்றைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 தருவது ஏறக்குறைய 20 குதிரைத்திறன். இந்த வண்டிகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு முடிவு: பழசா, பழசு போன்றதா?

பழைய பாணி என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு வண்டிகள் இருக்கின்றன. உண்மையிலேயே முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டது ஒன்று. தோற்றத்தில் மட்டும் அந்தக் காலத்தை வைத்துக்கொண்டு, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எரிபொருள் ஊசி முறை, டிஸ்க் பிரேக், பிரேக் பிடிக்கையில் சக்கரம் சிக்கிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் ஆகியவற்றோடு இன்று செய்யப்படுவது மற்றொன்று. ஹோண்டா சிபி 350, ட்ரையம்ப் போன்வில், கவாசாகி டபிள்யூ 800 எல்லாம் இரண்டாவது வகை.

புதிதாக வருபவருக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரும், தீப்பொறியின் நேரத்தை அமைக்கும் பாயிண்டும் உள்ள பழைய வண்டி அழகானதுதான். ஆனால் ஓட்டக் கற்பதையும் பழுது பார்க்கக் கற்பதையும் ஒரே நேரத்தில் தொடங்கினால், இரண்டிலும் ஆசை விட்டுப்போகும். வண்டியைத் தள்ளிக்கொண்டே போகும் தூரத்தில், அந்த ரகத்தை நன்கு அறிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தால் மட்டும் இந்த அறிவுரையைத் தளர்த்திக்கொள்ளலாம்.

குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எடை எவ்வளவு என்று கேளுங்கள். 350 சிசி பழைய பாணி வண்டிகள் பலவும் 180 முதல் 195 கிலோ வரை இருக்கும். ஓடும்போது அந்த எடை தெரியாது. நிறுத்தும் இடத்தில், சரிவில், வண்டியைப் பின்னால் தள்ளும்போது தெரியும். எனவே கடையில் எஞ்சினை இயக்கச் சொல்வதற்கு முன் ஏறி உட்காருங்கள். இரு கால்களும் முழுப் பாதமாகத் தரையில் படுகின்றனவா? இறங்கி, பத்தடி முன்னும் பத்தடி பின்னும் தள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இறக்குங்கள். இவற்றை மூச்சு வாங்காமல் செய்ய முடிந்தால் அது உங்கள் அளவு வண்டி.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது

என் முதல் வண்டியை அதன் குரோமியப் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கத் தோன்றவில்லை. உள்ளே முழுக்கத் துரு. அந்தத் துகள்கள் கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டை அடைத்து, மூன்று மாதம் என்னைப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டே இருந்தன. அதன் பிறகு எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் ஒரு கை விளக்கு என் பையில் இருக்கும். நீங்களும் எடுத்துச் செல்லுங்கள்.

காலையில் போவது நல்லது. நான் வரும் வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனவுடன் எஞ்சின் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் வண்டியாக இருக்கலாம். கிளம்பியதும் புகையைக் கவனியுங்கள். குளிரில் சிறிது நேரம் வெண்ணிற ஆவி வந்து மறைந்தால் கவலை இல்லை. நீலம் கலந்த புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இதைச் சரிசெய்வது எளிது, நீலப் புகையைச் சரிசெய்வது எளிதன்று.

பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, முன் சக்கரம் தரையில் படாதபடி யாரையாவது பின்னால் அழுத்தச் சொல்லுங்கள். ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேர் நடுவில் சிறு பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால், ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கை மாற்ற வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. பின் சக்கரத்தின் பற்சக்கரத்தில், செயினின் பின்கோடியைப் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயின் ஆயுள் முடிந்துவிட்டது. பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தாலும் அப்படியே. சிறிய ஸ்பானரால் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். இறுக்கமான கம்பி மணிபோல் ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். இந்தச் சோதனையைக் குழந்தைகூடச் செய்துவிடும், ஆனால் வாங்க வருபவர்களில் மிகச் சிலரே செய்கிறார்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன்கள் தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போய் ஈரச் சாலையில் வழுக்கும். கடைசியாக, சட்டகத்தின் எண்ணையும் எஞ்சினின் எண்ணையும் ஆவணங்களோடு ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள், எத்தனை அழகான வண்டியாக இருந்தாலும்.

தலைக்கு என்ன?

பழைய பாணி வண்டியின் தோற்றத்துக்கு முகம் திறந்த ஹெல்மெட் பொருத்தமாகத்தான் இருக்கும். அந்தப் பொருத்தத்துக்காகத் தாடையைப் பணயம் வைக்க வேண்டாம். முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட்டுகளிலேயே பழைய வடிவம் கொண்டவை கிடைக்கின்றன. ஐரோப்பியத் தரமான இசிஇ 22.06 அல்லது உங்கள் நாட்டின் தரமுத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தலையை அசைத்தால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. ஒரு விபத்தில் அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றப்பட வேண்டியதே. கையுறையும் கணுக்காலை மூடும் காலணியும் இதோடு சேரட்டும்.

கிளப்புவது

பொத்தானை அழுத்திக் கிளம்பும் வண்டியானால் சொல்வதற்கு அதிகம் இல்லை. எரிபொருள் ஊசி முறை உள்ள வண்டியில் சாவியைத் திருப்பியதும் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பெட்ரோல் பம்பின் ஓசை. அது அடங்கிய பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

கிக்கர் வேறு உலகம். கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாயைத் திறந்து, எஞ்சின் குளிர்ந்திருந்தால், கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்துவிடுங்கள். கிக்கரை உள்ளங்காலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் கெட்டியாக நிற்கும். பிஸ்டன் மேலேறிக் காற்றை நசுக்கும் இடம் அது; கம்ப்ரஷன் என்பார்கள். அங்கே, நசுங்கிய காற்றை வெளியே விடும் டிகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் சற்றே நகர்த்தி அந்த இடத்தைக் கடக்க வேண்டும். நெம்புகோலை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராகக் கடைசி வரை மிதியுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். முழங்காலை விறைப்பாக வைக்க வேண்டாம். கிக்கர் திருப்பி உதைத்தால் அடி முழங்காலில்தான் விழும். எஸ்ஆர் 400-இல் பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்ததைக் காட்ட, எஞ்சினின் தலைப்பகுதியில் சிறிய கண்ணாடிச் சாளரம் ஒன்றே வைத்திருந்தார்கள்.

இதற்கு வலிமை தேவையில்லை. மெலிந்த உடல் கொண்டவர்கள் ஒரே மிதியில் கிளப்புவதையும், பலசாலிகள் வியர்த்துக் கொட்ட இருபது முறை மிதிப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கெட்டியான இடத்தைக் கால் அடையாளம் கண்டுகொள்ள ஒரு வாரம் ஆகும். அதன் பிறகு முதல் மிதியிலேயே எஞ்சின் பேசத் தொடங்கும் காலைகளின் மகிழ்ச்சியைப் பொத்தான் ஒருபோதும் தராது.

காதால் ஓட்டுங்கள்

இந்த எஞ்சின்களின் குணம் அவற்றின் அளவுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கிளாசிக் 350-இன் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 85.8 மில்லிமீட்டர். அகலத்தைவிட உயரம் அதிகம். இப்படிப்பட்ட எஞ்சின் வெகு வேகமாகச் சுழல விரும்பாது. குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும். அதன் அதிகபட்ச இழுவிசையான 27 நியூட்டன் மீட்டர் 4000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. ஆகவே கியரைக் கடைசி வரை முறுக்கி மாற்றுவதில் பயனில்லை. ஓசை உருண்டு திரண்டு வரும்போது அடுத்த கியருக்குப் போய்விடுங்கள்.

அதற்காக அதை மூச்சுத் திணறவும் விடக் கூடாது. மேல் கியரில் மிகக் குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகினால், வண்டி குலுங்கித் தட்டுவதுபோல் ஓசை எழுப்பும். அது கியரைக் குறைக்கச் சொல்லும் கோரிக்கை. இரண்டு மூன்று வாரத்தில் வேகமானியைப் பார்க்காமலே கியர் மாற்றத் தொடங்கிவிடுவீர்கள்.

முந்திச் செல்வதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். இருபது குதிரைத்திறன் திடீரென்று உங்களைக் காப்பாற்றாது. ஒரு கியர் குறைத்து, எதிரே வெகு தூரம் காலியாக இருப்பதைக் கண்ட பிறகே வெளியே வாருங்கள். சந்தேகம் வந்தால் பின்னாலேயே இருங்கள்.

பிரேக்கைத் தனியாகப் பழக வேண்டும். உலர்ந்த நல்ல சாலையில், 30 கிலோமீட்டர் வேகத்தில் நன்றாகப் பிரேக் பிடித்தால் வண்டி ஏறக்குறைய 5 மீட்டரில் நிற்கும். 60-இல் அது 10 மீட்டர் ஆகாது, 20 மீட்டர் ஆகும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகும். ஆபத்தைக் கண்டு விரல் அசைய ஒரு நொடி ஆகுமென்று வைத்தால், அதற்குள் கடக்கும் 17 மீட்டரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிக்கும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. ஆளில்லாத திடல் ஒன்றில் 30, 40, 50 என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே, முன் பிரேக்கைப் பழத்தைப் பிழிவதுபோல் சீராக அழுத்திப் பழகுங்கள். ஒரு நாள் போதாது. மாதம் ஒரு முறையாவது செய்யுங்கள். நான் இன்றும் செய்கிறேன்.

வளைவுகளில் வேகத்தை உள்ளே நுழையும் முன்பே குறைத்துவிட்டு, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வையுங்கள். வலப்பக்கம் திரும்ப, வலது கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளினால் வண்டி வலப்பக்கமே சாயும். படிக்கும்போது முரணாகத் தோன்றும். காலியான சாலையில் ஒரு முறை செய்து பார்த்தால் உடல் புரிந்துகொள்ளும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புதிய வண்டியானால் கையேட்டில் சொன்ன வேக வரம்பை மீறாதீர்கள். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. புதிய பாகங்கள் உரசியதால் உதிர்ந்த உலோகத் துகள்கள் அந்த ஆயிலில்தான் மிதக்கின்றன.

வாரத்துக்கு அரை மணி நேரம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பழைய பாணி வண்டியில் எல்லாம் வெளியே தெரியும்படி இருக்கிறது. குளிர்விக்கும் துடுப்புகள், கேபிள்கள், செயின், போல்ட்டுகள் எதுவும் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கவில்லை. ஓட்டும் நேரம் பாதி இன்பம் என்றால் மீதிப் பாதி இங்கே இருக்கிறது.

ஈரத் துணியும் உலர்ந்த துணியும் எடுத்துக்கொண்டு கையாலேயே துடைக்கத் தொடங்குங்கள். வேகமான நீர்ப் பீய்ச்சலைவிடக் கையால் துடைப்பதையே நான் விரும்புகிறேன். துணி போகும் இடமெல்லாம் கண்ணும் போகும். நேற்று இல்லாத எண்ணெய்க் கசிவு, நூல் பிரியத் தொடங்கிய கிளட்ச் கேபிள், தளர்ந்த சைலன்சர் போல்ட் எல்லாம் இந்தத் துடைப்பில்தான் அகப்படும். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் போல்ட்டுகள் தளர்வது இயல்பு. முக்கியமான போல்ட்டுகளின் தலையிலிருந்து சட்டகம் வரை வெள்ளைப் பெயிண்டால் மெல்லிய கோடு இழுத்து வையுங்கள். கோடு முறிந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது.

டயர் காற்றழுத்தத்தை ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஆயில் அளவை, வண்டியை நேராக நிறுத்தி, கையேடு சொல்லும் முறையில் பாருங்கள். ஆயில் வாங்கும்போது, மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று டப்பாவில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இந்த வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து இயங்குகின்றன. உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிடும்.

செயினுக்கு வருவோம். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் எவ்வளவு ஆட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்; பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தைக் கணக்கில் எடுங்கள். அதிக இறுக்கம் தளர்வைவிடக் கெடுதல். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, செயின் எண்ணெய் இடுங்கள். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் ஓட்டினால் உடனே. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினைத் துடைக்காதீர்கள். செயினுக்கும் பல்லுக்கும் நடுவே துணி சிக்கினால் விரலும் கூடவே போகும். நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றினால் போதும்.

கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் எப்போதாவது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் நுனி வெளிறிய பழுப்பு நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று எஞ்சினே எழுதி அனுப்பும் கடிதம்போல எனக்கு அது எப்போதும் தோன்றும்.

இவை எல்லாவற்றையும் ஒரு சிறு நோட்டில் தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும் குறித்து வையுங்கள்.

மாற்றங்கள்: ஆறு மாதம் பொறுங்கள்

வாங்கிய வாரமே ஹேண்டில்பாரையும் சைலன்சரையும் மாற்றும் ஆசை பலருக்கு வருகிறது. பதறாத காரியம் சிதறாது. ஆறு மாதம் ஓட்டிய பிறகு முதுகு சொல்லும், சீட்டை மாற்ற வேண்டுமா என்று. நல்ல டயர், அகலமான கண்ணாடி, உடலுக்கு ஏற்ற சீட்: இந்த மூன்றும் உண்மையில் பயன் தருபவை. ஓசையைப் பெருக்கும் சைலன்சரை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. இந்த எஞ்சினின் அழகே அதன் தணிந்த குரலில் இருக்கிறது. அதோடு, உறங்கும் குழந்தையும் நோயாளியும் தெருவில் இருக்கிறார்கள்.

முதல் நெடும்பயணம்

வண்டியோடு இரண்டு மாதமாவது பழகிய பிறகு, போய்வர 150 கிலோமீட்டர் அளவில் ஒரு பயணம் திட்டமிடுங்கள். பெரிய நெடுஞ்சாலையைத் தவிர்த்து, மணிக்கு 60 முதல் 70-இல் போகத்தக்க சிறிய சாலையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வேகத்தில் வயல் வாசனையும் காற்றின் குளிர்ச்சி மாறுவதும் உங்களை வந்து சேரும். மணிக்கு ஒரு முறை நிறுத்தி இறங்குங்கள். வண்டிக்கு அந்த ஓய்வு தேவையில்லை, உங்கள் கைகளுக்குத் தேவை.

பழைய துணி ஒன்றில் சுருட்டிக் கட்டிய கருவிகள் சீட்டுக்கடியில் இருக்கட்டும். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் ஸ்பானர்கள், பிளக் ஸ்பானர், ஒரு புதிய பிளக், கிளட்ச் கேபிள், இரண்டு ஃபியூஸ், மெல்லிய கம்பி, ஒட்டு டேப். ஸ்போக் சக்கரங்களில் பெரும்பாலும் டியூப் இருக்கும் என்பதால் ஒரு டியூபும், டயர் நெம்பும் கம்பிகளும், சிறிய காற்றடிப்பானும் வேண்டும். சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றுவதை வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில் ஒரு முறை செய்து பழகிவிட்டுக் கிளம்புங்கள். இருட்டும் மழையும் சேர்ந்த நேரத்தில் முதல் முறையாகக் கற்றுக்கொள்ளும் வேலையல்ல அது.

வீடு திரும்பியதும் உடனே உள்ளே போய்விடாதீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகு, குளிர்ந்து சுருங்கும் உலோகம் டிக், டிக் என்று ஒலிக்கும். செயின் இன்னும் சூடாக இருக்கும் இந்த நேரத்தில்தான் எண்ணெய் அதன் இடுக்குகளுக்குள் நன்றாக இறங்கும், இட்டுவிடுங்கள். கார்பரேட்டர் வண்டியானால் பெட்ரோல் குழாயை மூடுங்கள். வழியில் போட்ட பெட்ரோல் எத்தனை லிட்டர், ஓடிய தூரம் எவ்வளவு, எந்தப் போல்ட் தளர்ந்தது என்று நோட்டில் எழுதிவிட்டு, சைலன்சர் ஆறிய பிறகு மட்டும் உறையைப் போர்த்துங்கள்.